பதினோரு கலங்கல் படங்கள்

அத்தியாயம் 6

"பறவை ஆடலாம். மரம் எப்படிய்யா ஆடும்?"

சித்தி இப்படிக் கேட்டதும் லேப்காரர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். முப்பது வருஷமாக அடுத்தவர் எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டுக் கொடுக்கிற மனிதர். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்கு முடி வைக்கச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறார். நாத்தனாரை மட்டும் எடுத்துவிடச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறார். மரம் ஏன் ஆடியது என்று யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

சித்தி என் அம்மாவின் தங்கை. இருபத்தாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரித்தவள். செத்துப்போனதாக எழுதிக் கொடுத்திருந்த மூன்று பேர் அவள் கேட்ட கேள்வியில் எழுந்து வந்திருக்கிறார்கள். ரிட்டயரானதும் தனியாகத் துப்பறிய ஆரம்பித்தாள். நான் அவளுக்கு உதவியாளன், டிரைவர், எடுபிடி. எனக்கு வயது முப்பத்தாறு. முன்பெல்லாம் சொந்தக்காரர்கள் என்னை 'சும்மா இருக்கான்' என்று அறிமுகப்படுத்துவார்கள். இப்போது 'சித்தியோட இருக்கான்' என்கிறார்கள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்கிறார்கள்.

லேப்காரரின் திரையில் இருந்தது ஒரு மரங்கொத்தி. அதை எடுத்தவருக்கு 'ஊசிக்கண்' என்று பட்டப்பெயர். அவர் எடுக்கிற பறவையின் கண் அத்தனை கூர்மையாக விழும். ஒன்பது நாள் முன்பு காலையில், மரங்கொத்திக் கூட்டைப் படம் எடுக்க மனைவியோடு காட்டுக்குப் போனார். இலைநிறத் துணியில் ஒரு சின்ன மறைப்புக் கூடாரம், அதற்குள் இவர். முப்பதடி தள்ளி ஒரு பாறை, அதன் உச்சியில் மனைவி. எட்டு மணிக்கு இவர் வெளியே வந்தபோது பாறை மேல் ஆள் இல்லை. பாறையின் மறுபக்கம் எண்பதடிப் பள்ளம். அங்கே கிடந்தாள்.

'இவன்தான் தள்ளிவிட்டான்' என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டான் இறந்தவளின் அண்ணன். 'நான் கூடாரத்தைவிட்டு நகரவே இல்லை' என்றார் ஊசிக்கண். அதற்கு அவர் காட்டிய சாட்சி, அன்று காலை எடுத்த முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றிலும் நேரம் நொடிக்கணக்கில் பதிவாகியிருந்தது. இன்று நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் அவர் வீட்டுக்கு வருகிறார். கைது செய்வதா, விடுவதா என்பது இன்று தெரிந்துவிடும்.

எங்களிடம் வந்தது ஊசிக்கண்ணின் அம்மா. ஒரே பிள்ளை. "மருமக தங்கமானவதான், இல்லேங்கல. ஆனா போனவளுக்காக இருக்கிறவனைப் பலி குடுக்க முடியுமா? அவன் அந்தக் கூடாரத்துலதான் இருந்தான்னு நிரூபிச்சுக் குடுங்க. அது போதும்" என்று சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சித்திக்கு அழுகிறவர்களைப் பிடிக்காது. ஆனாலும் படங்கள் அடங்கிய அந்தக் கார்டை வாங்கிக்கொண்டாள்.

"இதுல என்ன சித்தி இருக்கு? கேமரா தானா எடுக்கிற மாதிரி வெச்சுட்டு ஆள் பாறைக்குப் போயிருப்பான்" என்றேன்.

லேப்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது பாஸ்போர்ட் போட்டோவுக்கு உக்கார்ற ஆள் இல்ல தம்பி, மரங்கொத்தி. தலை ஒரு இடத்துல நிக்காது. இவ்வளவு பெரிய லென்ஸ்ல ரெண்டு விரல் கனத்துக்குத்தான் தெளிவா விழும். அலகு ஷார்ப்பா வந்தா கண்ணு போயிடும். கண்ணு வந்தா வால் போயிடும். கூட்டு ஓட்டைல ஃபோகஸ் வெச்சுட்டு எழுந்து போனா ஓட்டைதான் ஷார்ப்பா வரும். இங்க பாருங்க, அது ஏறினா ஏறியிருக்கு, இறங்கினா இறங்கியிருக்கு. ஃபோகஸ் கண்ணு பின்னாடியே போயிருக்கு. ஆள் உக்காந்து எடுத்ததுதான்."

"வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டியா? சும்மா இரு" என்றாள் சித்தி. "ஐயா, அந்தப் பதினொண்ணைக் காட்டுங்க."

ஏழு மணி பதினாலாவது நிமிஷத்தில் எடுத்த பதினோரு படங்கள். பறவை இருக்கிறது, கூடு இருக்கிறது, மரப்பட்டையின் பாசிகூட இருக்கிறது. ஆனால் எல்லாமே ஈரக் கையால் தேய்த்துவிட்டதுபோல் இழுபட்டிருந்தன.

"பறவை தலையை ஆட்டினா தலை மட்டும் கலங்கும். ஃபோகஸ் தப்பிப் போச்சுன்னா அது கலங்கி, முன்னாடி இருக்கிற இலையோ பின்னாடி இருக்கிற கிளையோ பளிச்சுன்னு இருக்கும். இதுல மொத்தமும் போயிருக்கு, எல்லாம் ஒரே பக்கமா" என்றார் லேப்காரர்.

"அப்படின்னா?"

"எடுத்தவர் கை ஆடியிருக்கு."

"ஊசிக்கண்ணுக்குக் கை ஆடுமா?"

லேப்காரர் தாடையைச் சொறிந்தார். "இருபது வருஷமா அவருக்கு நான்தான் பிரிண்ட் போடறேன். ஆடின படம் ஒண்ணுகூட இங்க வந்ததில்லை. வரவும் வராது. அவங்க வீட்டம்மா விட மாட்டாங்க. தினம் சாயங்காலம் அவங்கதான் உக்காந்து ஒவ்வொண்ணாப் பாத்து, தேறாததையெல்லாம் அழிப்பாங்க. அவர் எடுக்கிறதோட சரி. திரும்பிக்கூடப் பாக்க மாட்டார்."

சித்தி அந்தப் பதினொன்றையும், அதற்கு அடுத்ததாக இருந்த படத்தையும் பெரிதாகப் பிரிண்ட் போடச் சொன்னாள். பன்னிரண்டாவது படத்தில் மரங்கொத்தியின் கண்ணைச் சுற்றியிருந்த மயிரிழைகளை எண்ணிவிடலாம்.

"உங்க கேமரா ஒண்ணு வேணும். பெரிய லென்ஸோட" என்றாள்.

"யார் எடுக்கப் போறது?"

சித்தி என்னைக் காட்டினாள். லேப்காரர் கேமராவைக் கொடுப்பதற்கு முன் அதை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

*

காட்டுக்குப் போகிற வழியில் சித்தி ஒரு கட்டு நைலான் கயிறு வாங்கினாள். எதற்கு என்று எனக்குத் தெரியும். இறந்தவளின் வலது கையில் ஒரு நீளக் கயிறு சுற்றியிருந்ததாக போலீஸ் குறிப்பு சொல்கிறது. புருஷன் பெண்டாட்டிக்குள் இருந்த ஏற்பாடு அது. கூடாரத்துக்குள் இருப்பவருக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரியும். பறவை பின்பக்கமிருந்து வந்து உட்கார்ந்த பிறகு ஃபோகஸ் தேடினால் அது பறந்துவிடும். பேசவோ கைதட்டவோ கூடாது. அதனால் மனைவி பாறை உச்சியிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கயிற்றின் ஒரு நுனி அவள் கையில், மறு நுனி இவரது மணிக்கட்டில். அவள் ஒரு இழுப்பு இழுத்தால் பறவை வருகிறது என்று அர்த்தம்.

ஆனால் அன்றைக்குக் கயிற்றைக் கட்டிக்கொள்ளவே இல்லை என்று ஊசிக்கண் போலீசில் சொல்லியிருந்தார்.

கூடாரம் இன்னும் அங்கேயே இருந்தது. உள்ளே உட்கார ஒரு முக்காலியும், மூட்டைப்பூச்சிக்குக்கூடப் போதாத அளவு இடமும். என்னை அதற்குள் திணித்துவிட்டு சித்தி பாறையைச் சுற்றிக்கொண்டு ஏறினாள். கடிகாரத்தைப் பார்த்தேன். அவளுக்கு மூன்று நிமிஷம் ஆயிற்று. பிறகு நான் ஏறிப் பார்த்தபோது, ஓடியே ஏறியும் ஒன்றரை நிமிஷம் ஆயிற்று.

உச்சியின் மறுபக்க விளிம்புக்குக் கீழே, ஓர் ஆள் உயரத்தில், ஒரு பாதம் வைக்கிற அளவுக்கு மேடு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்த பாசி முழுவதும் செருப்பு உரசி உரிந்திருந்தது. சித்தி குப்புறப் படுத்து அதையே பார்த்தாள்.

"வழுக்கி விழுறவ நேரா போயிடுவா. இவ இங்க நின்னிருக்கா" என்றாள். போய்க் கேமராவைப் பிடி என்று விரட்டினாள்.

நான் கேமராவில் கண்ணை வைத்தேன். மரங்கொத்திக்கு யார் செத்தால் என்ன, குஞ்சுக்குத் தீனி கொண்டு வந்துகொண்டுதான் இருந்தது. முதல் தடவை வந்தபோது என் கேமரா எனக்கும் அதற்கும் நடுவே நீட்டிக்கொண்டிருந்த ஓர் இலையைப் பார்த்து மயங்கிவிட்டது. இலையின் நரம்பெல்லாம் தெளிவாக விழுந்தது, பின்னால் பறவை வெறும் கறுப்புப் புகை. இரண்டாவது தடவை இலையைத் தாண்டினேன். பறவை தலையைத் திருப்பியது, உடம்பு தெளிவு, தலை மட்டும் கலங்கல். மூன்றாவது தடவை கண்ணைப் பிடித்தேவிட்டேன். சத்தியமாக. அந்தப் பெருமையில் பட்டனை அழுத்துகிற நேரம் பார்த்து மேலேயிருந்து சித்தி வெடுக்கென்று இழுத்தாள்.

என் இடது கை லென்ஸைத் தாங்கிக்கொண்டிருந்தது. கயிறு அதில்தான் கட்டியிருந்தது. கேமரா துள்ளியது.

"இன்னொண்ணு எடு. இப்ப விடாம இழுக்கப் போறேன்" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"சித்தி, உங்க எடை எனக்குத் தெரியும், கொஞ்சம் பாத்து," என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கயிறு விறைத்தது. முக்காலி சாய்ந்தது, கூடாரத்தின் ஒரு பக்கத் துணி என் தலைமேல் விழுந்தது. எப்படியோ ஒரு படம் எடுத்திருந்தேன். அதில் மரம் இடது மூலையை நோக்கி நீளமாக ஒழுகியிருந்தது.

சித்தி இறங்கி வந்து கேமராவின் பின்பக்கத் திரையில் என் படங்களைப் பார்த்தாள். பையிலிருந்து பிரிண்ட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நான் மணிக்கட்டிலிருந்த முடிச்சை அவிழ்க்கத் திணறிக்கொண்டிருந்தேன். இறுகிப் போயிருந்தது. ஒற்றைக் கையால் முடியவில்லை.

"விடு, நான் அவுக்கறேன்," என்று சொன்னவள் அவிழ்க்காமல் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மணி என்ன என்று கேட்டாள்.

*

மூன்றே முக்காலுக்கு ஊசிக்கண் வீட்டில் இருந்தோம். ஹால் சுவர் முழுக்கப் பறவைகள். அத்தனையும் என்னையே முறைத்தன. அவருடைய அம்மா எங்களுக்கு டீ வைத்துவிட்டு உட்காராமல் நின்றார். ஊசிக்கண் சோபாவில் உட்கார்ந்து ஒரு லென்ஸை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி செத்து ஒன்பது நாள் ஆன முகமாக இல்லை. ரயில் தாமதமாகிவிட்டது என்று கேள்விப்பட்ட முகமாக இருந்தது.

சித்தி கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்தை அந்தம்மாவிடம் நீட்டினாள்.

"உங்க பையன் கூடாரத்துலதான் இருந்தார். அந்தப் பாறை உச்சிக்கு ஓடி ஏறவே ஒன்றரை நிமிஷம் ஆகும். அந்த நேரத்துல எடுத்த படங்களுக்கு நடுவுல அரை நிமிஷ இடைவெளிகூட இல்ல. மெஷின் வெச்சும் எடுக்கலை, அவர் கைதான். தள்ளிவிட்டார்னு அவங்க அண்ணன் சொல்றது தப்பு."

அந்தம்மா காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என் வயித்துல பால் வார்த்தீங்க, நல்லா இருப்பீங்க," என்றார். இப்போதுதான் உட்கார்ந்தார்.

"நான்தான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றேனே" என்றார் ஊசிக்கண், லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி.

"ஒரு சின்ன சந்தேகம் சார். கயிறு எந்தக் கையில கட்டுவீங்க?"

"அன்னிக்குக் கட்டலை."

"மத்த நாள்ல?"

"இடது கை."

"ஒரு இழுப்புன்னா பறவை வருது. ரெண்டுன்னா?"

"போயிடுச்சுன்னு அர்த்தம்."

"அவங்களுக்கு ஏதாவது ஆபத்துன்னா எத்தனை?"

துணி நின்றது. "அதுக்குன்னு எதுவும் வெக்கலை. சும்மா உக்காந்திருக்கிறவளுக்கு என்ன ஆபத்து?"

சித்தி டீயை நகர்த்திவிட்டு பிரிண்ட்டுகளை மேஜைமேல் வரிசையாக வைத்தாள். பதினொன்று. அதற்குக் கீழே, வரும் வழியில் லேப்காரரிடம் போட்டு வாங்கிய என் படங்கள் இரண்டு.

"மேல இருக்கிறது நீங்க எடுத்தது. கீழ இருக்கிறது என் அக்கா பையன் எடுத்தது. இவனுக்கு நேத்து வரைக்கும் கேமராவுல முன்பக்கம் எதுன்னே தெரியாது. இன்னிக்கு உங்களை மாதிரியே எடுத்திருக்கான், பாருங்க."

"காத்து அடிச்சிருக்கும்."

"காத்துல இலை ஆடும். அத்தனை பெரிய மரம் அடியோட ஆடாது. இங்க எல்லாம் ஒரே கோட்டுல இழுபட்டிருக்கு. முதல் ஏழு படம் வெட்டி வெட்டி இழுத்தது. கூப்பிட்டிருக்காங்க. சத்தம் போட்டா பறவை பறந்துடும்னு நீங்க பழக்கி வெச்சிருக்கீங்களே, அதனால கயித்தை இழுத்துக் கூப்பிட்டிருக்காங்க. கடைசி நாலு படம் அப்படி இல்ல. விடாம ஒரே இழுப்பு. அது கை இழுத்தது இல்ல சார். பாசியில காலை வெச்சுக்கிட்டு, உடம்பு பாரத்தைக் கயித்துல போட்டு நின்னிருக்காங்க."

அந்தம்மாவின் கையிலிருந்த காகிதம் மடங்கியது.

"இது பன்னிரண்டாவது படம்" என்று சித்தி அதை நடுவில் வைத்தாள். "இருபத்திரண்டு நொடி கழிச்சு எடுத்தது. துளி ஆட்டம் இல்ல. பாரம் தொங்கினா முடிச்சு இறுகிடும், ஒத்தைக் கையால அவுக்க முடியாது. இவன் இன்னிக்குப் பட்டுட்டான். அவங்க கையில இருந்த கயித்தோட மறு நுனி அவுத்த நுனி இல்ல, அறுத்த நுனி. போலீஸ் குறிப்புலயே இருக்கு. பழைய கயிறுன்னு நீங்க சொன்னதை அவங்களும் நம்பிட்டாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் அங்கேயே இருந்தார் என்று நிரூபிக்கத்தான் காலையிலிருந்து ஓடினோம். அவர் எழுந்து போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

"இந்தப் பதினொண்ணை நீங்க அழிச்சிருந்தா, இந்நேரம் நான் டீயைக் குடிச்சுட்டுப் போயிருப்பேன்," என்றாள் சித்தி. "ஆனா தேறாததை அழிக்கிறது உங்க வேலை இல்லையே. உங்க குப்பையைக் கூட்டுறதுக்கு ஒரு ஆள் இருந்தாங்க. அவங்களைத்தான் நீங்க அறுத்து விட்டுட்டீங்க."

அழுவார், இல்லை கத்துவார், இல்லை வக்கீலைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். ஊசிக்கண் எரிச்சலோடு பெருமூச்சு விட்டார்.

"மூணு வாரம் காத்திருந்தேன். அந்த வெளிச்சம் அந்த மரத்துல ஒரு நிமிஷம்தான் விழும். பறவை சரியா அப்பதான் வந்து உக்காருது. கை ஆடிட்டே இருக்கு, பதினோரு படம் வேஸ்ட். நான் என்ன பண்ணட்டும்? எழுந்து ஓடினா பறவை போயிடும். ரெண்டு படம் எடுத்துட்டுப் போய்ப் பாக்கலாம்னுதான் இருந்தேன்."

அப்புறம் அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை. பன்னிரண்டாவது படத்தை மேஜையிலிருந்து எடுத்து, எழுந்து போய், அம்மாவின் மடியில் வைத்தார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஓர் உயிர் வந்தது.

"பாரும்மா. கண்ணைப் பாரு. உள்ள வளையம் வளையமாத் தெரியுது பாரு. இந்தப் பறவையை இப்படி யாரும் எடுத்ததில்லை. அவளை எரிச்ச மறுநாளே போட்டிக்கு அனுப்பிட்டேன்."

அந்தம்மா அந்தப் படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பெற்றவள் அல்லவா, எங்கேயாவது ஒரு சமாதானம் கிடைக்குமா என்று தேடியிருப்பார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"அவ இழுக்கிறப்ப, ஒரு தடவை திரும்பியாவது பாத்தியாடா?"

"எப்படிம்மா?" என்றார் அவர். இதுகூடத் தெரியவில்லையே என்கிற குரல். "கண்ணை எடுத்தா ஃபோகஸ் போயிடும்."

அந்தம்மா படத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தார். வெளியே ஜீப் வந்து நின்றது. சித்தி எழுந்திருக்கப் போனாள். அந்தம்மா வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்துபோய்க் கதவைத் திறந்தார்.

"உங்க பையன் இருக்காரா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"உள்ளதான் இருக்கான்" என்றார் அந்தம்மா. "கத்தி அவன் கேமரா பையில, பக்கத்து ஜிப்புல இருக்கும். அதையும் எடுத்துக்குங்க."